தெரபிக்குப் போகப் போறீங்களா? முதல் செஷனுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

என் பட்ஜெட் ஷீட்டை வீடியோவில் பல தடவை காட்டியிருக்கேன். அதில் ஒரு வரி "இதர செலவு – 6,000" என்று இருந்தது. மளிகை, பெட்ரோல், மொபைல் ரீசார்ஜ் எல்லாத்துக்கும் தனித்தனி வரி போடுங்க என்று உங்களுக்குப் பாடம் எடுக்கிற ஆள், மாசம் ஆறாயிரம் ரூபாயை "இதர" என்று எழுதி வச்சிருந்தேன். ஆடிட்டுக்குப் போன இடத்தில் ஒரு கிளையன்ட் இப்படி எழுதியிருந்தால் விடுவேனா? வவுச்சர் எங்கே என்று கேட்டிருப்பேன்.

அந்தப் பணம் தெரபிக்குப் போனது. செஷனுக்கு 1,500. முதல் மூணு மாசம் வாரம் ஒரு தடவை, அடுத்த அஞ்சு மாசம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. மொத்தம் 22 செஷன், 33,000 ரூபாய். பேர் சொல்லி எழுதக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

நான் உளவியலாளர் இல்லை, சி.ஏ. யாருக்கு என்ன சிகிச்சை என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் ஒரு தனியார் தெரபிஸ்ட்டிடம் முதல் தடவை போகிறவருக்கு என்னென்ன நடக்கும், எவ்வளவு செலவாகும், பணம் எங்கே வீணாகும் என்று சொல்ல முடியும். வீணாக்கின அனுபவம் இருக்கு.

முதலில் நான் செய்த முட்டாள்தனம்

29 வயசில் ஒரு கம்பெனியின் ஃபைனான்ஸ் டிபார்ட்மென்ட்டில் இருந்தேன். செப்டம்பர் மாசம், 30-ம் தேதி டேக்ஸ் ஆடிட் கெடு. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துவிடும், நெஞ்சு இறுகும். ஹார்ட் என்று பயந்து இசிஜி, எக்கோ எடுத்தேன். அசிடிட்டியாக இருக்குமோ என்று எண்டோஸ்கோபி. பதினோராயிரம் ரூபாய்க்கு மேல் போச்சு, ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எல்லாம் நார்மல். "உடம்பில் ஒண்ணும் இல்லை. ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்க" என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்குள் இருக்கிற கணக்குப்பிள்ளை முழிச்சுக்கிட்டான். பேசறதுக்கு ஆயிரத்து ஐநூறா? நண்பனுக்கு டீ வாங்கிக் கொடுத்தால் அவன் கேட்க மாட்டானா?

ஒருவழியாகப் போனேன். அங்கே "பத்து செஷன் பேக்கேஜ், 15,000 இல்லை, 12,000 மட்டும்" என்றார்கள். தள்ளுபடி என்றதும் கை தானாக யுபிஐ-யைத் திறந்துவிட்டது. ரெண்டு செஷன் போனேன். நான் ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன்னாடியே அவர் அறிவுரை சொல்ல ஆரம்பிச்சுடுவார். எனக்கு ஒத்து வரவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. மூணாவது செஷனுக்குப் போகவில்லை, போன் வந்தால் எடுக்கவில்லை. மீதி 9,600 ரூபாய் போனது போனதுதான்.

அதுக்கப்புறம் "தெரபி எனக்குச் சரிப்படாது" என்று ஒரு வருஷம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அந்த ஒரு வருஷத்தின் முடிவில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு, கையில் வேறு வேலை இல்லாமல், ராஜினாமா மெயில் அனுப்பினேன். நோட்டீஸ் பீரியடுக்குக் கட்டினது, மூணு மாசம் சம்பளம் இல்லாமல் இருந்தது, ரெண்டையும் கூட்டினால் மூணரை லட்சத்துக்கு மேல். தெரபி போயிருந்தால் வேலையை விட்டிருக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்த வேலையை விட வேண்டியதுதான். ஆனால் இன்னொரு ஆஃபர் வாங்கிட்டு விட்டிருப்பேன்.

நம்ம ஆட்கள் ஒரு கணக்கு போடுவார்கள், நானும் போட்டேன்: 18,000 ரூபாயை 12 சதவீதத்தில் 25 வருஷம் போட்டு வச்சால் 3 லட்சம் ஆகுமே என்று. கணக்கு சரிதான். 25 வருஷத்தில் வரவேண்டிய அந்த 3 லட்சத்தை நான் ஒரே மெயிலில் விட்டேன்.

யாரிடம் போவது

மியூச்சுவல் ஃபண்ட் அட்வைஸ் கொடுக்கிறவரிடம் செபி பதிவு எண் கேளுங்க என்று கத்திக்கிட்டே இருக்கோம் இல்லையா? அதே பழக்கம் இங்கேயும் வேணும்.

சைக்கியாட்ரிஸ்ட் என்றால் எம்.பி.பி.எஸ். முடிச்சு மனநலத்தில் மேல்படிப்பு படிச்ச டாக்டர். மருந்து எழுத வேண்டியவர் அவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் பேச்சுவழிச் சிகிச்சையிலும் மனநல மதிப்பீட்டிலும் பயிற்சி பெற்றவர். பெரும்பாலும் எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி படிச்சிருப்பார், இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ.-யில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை ஆர்.சி.ஐ. இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். கவுன்சலர் என்ற பெயரில் எம்.எஸ்ஸி. சைக்காலஜி, எம்.எஸ்.டபிள்யூ. படிச்ச நல்லவர்களும் இருக்காங்க, வார இறுதியில் ஆன்லைன் சர்டிஃபிகேட் வாங்கினவர்களும் இருக்காங்க. அதனால் படிப்பு என்ன, யாருடைய மேற்பார்வையில் எத்தனை வருஷம் வேலை செய்தீங்க என்று கேளுங்க. நல்ல தெரபிஸ்ட் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே பதில்.

மொழி முக்கியம். கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவீங்களோ, அந்த மொழி பேசுகிறவரைத் தேடுங்க. ஆபீஸில் சரளமாக இங்கிலீஷ் பேசலாம். அப்பா மேல் இருக்கிற வருத்தத்தை இங்கிலீஷில் சொன்னால் அது பவர்பாயிண்ட் மாதிரி வரும்.

"கேரண்டியா மூணே செஷனில் சரியாகிடும்" என்பவரிடம் இருந்து, "கேரண்டியா மாசம் 5 சதவீதம்" என்பவரிடம் ஓடுவது மாதிரி ஓடுங்க. திரும்ப வராத பேக்கேஜ், மற்ற கிளையன்ட்டின் கதையை உங்களிடம் சொல்வது, செஷனுக்கு வெளியே சந்திக்கக் கூப்பிடுவது, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்வது, இதில் ஏதாவது ஒன்று நடந்தாலும் எழுந்து வந்துடலாம்.

போனில் கேட்க வேண்டியது

நாள் முழுக்க கிளையன்ட்டிடம் ஃபீஸ் பேசுகிற ஆள் நான். தெரபிஸ்ட்டிடம் ஃபீஸ் கேட்க நாக்கு எழவில்லை. மனசு கஷ்டத்தில் இருக்கும்போது பணம் பேசுவது அசிங்கம் மாதிரி தோணும். அசிங்கம் இல்லை. அவருக்கும் இது தொழில்தான்.

செஷன் எத்தனை நிமிஷம்? பொதுவாக 45 முதல் 60 வரை இருக்கும், 50 நிமிஷம்தான் அதிகம் புழங்குவது. ஃபீஸ் எவ்வளவு? சென்னையில் நான் விசாரிச்ச இடங்களில் 1,000 முதல் 2,500 வரை சொன்னார்கள். முதல் செஷனுக்குத் தனி ரேட் உண்டா? கேன்சல் செய்தால் என்ன? இதை மட்டும் தவறாமல் கேளுங்க. 24 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லாவிட்டால் முழு ஃபீஸும் கட்டணும் என்பது பல இடங்களில் வழக்கம். திடீர் மீட்டிங் வைக்கிற மேனேஜர் உங்களுக்கு இருந்தால் மாசம் ஒரு செஷன் இப்படியே போகும். நான் ரெண்டு தடவை கட்டினேன். அப்புறம் சனிக்கிழமை காலைக்கு மாத்திக்கிட்டேன்.

ஃபீஸ் அதிகமாக இருந்தால் "என் பட்ஜெட் இவ்வளவுதான், குறைக்க முடியுமா?" என்று நேராகக் கேட்கலாம். வருமானத்துக்கு ஏத்த மாதிரி ஃபீஸ் வாங்கும் ஸ்லைடிங் ஸ்கேல் முறையைச் சில தெரபிஸ்ட்டுகள் வச்சிருக்காங்க. முடியாது என்றால், குறைந்த ஃபீஸில் பார்க்கும் வேறொருவரைச் சொல்லுங்க என்று கேளுங்க.

ஆன்லைன் என்றால் போக்குவரத்துச் செலவு மிச்சம். ஆனால் பிஜி-யில் மூணு பேர் தங்குற ரூமில் உட்கார்ந்துகொண்டு எதைப் பேசுவீங்க? எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் நண்பனின் காரை நிறுத்தி வச்சு, ஏசி போட்டு, உள்ளே உட்கார்ந்து பேசுவான். மொட்டை மாடி, ஆபீஸின் சின்ன மீட்டிங் ரூம், எதுவானாலும் சரி, இடத்தை உறுதி செய்துவிட்டு புக் பண்ணுங்க.

முதல் செஷனில் என்ன நடக்கும்

சோஃபாவில் படுக்கச் சொல்ல மாட்டார்கள். நாற்காலி, தண்ணீர் பாட்டில், டிஷ்யூ பெட்டி. முதலில் ஒரு ஃபார்மும் ஒப்புதல் படிவமும் கொடுப்பார்கள். இன்ஷூரன்ஸ் பேப்பரை முழுசாப் படிங்க என்று சொல்கிற மாதிரிதான், இதையும் படிச்சுட்டுக் கையெழுத்து போடுங்க. நீங்க பேசுவது ரகசியம் என்பதும், எப்போது அந்த ரகசியத்தை மீற வேண்டி வரும் என்பதும் அதில் இருக்கணும். உங்க உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மீறலாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே ரகசியத்தை உரிமையாகத் தந்திருக்கிறது, இந்த மாதிரி விதிவிலக்குகளோடு.

அப்புறம் கேள்விகள். தூக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டில் யார் யார், முன்னாடி ஏதாவது சிகிச்சை எடுத்தீங்களா, என்ன மாத்திரை, குடிப்பழக்கம் உண்டா. "சாகணும்னு தோணியிருக்கா?" என்று நேராகவும் கேட்பார்கள். திடுக்கிட வேண்டாம், எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். உண்மையைச் சொல்லுங்க. சில பேர் கடந்த ரெண்டு வாரம் எப்படி இருந்தது என்று மார்க் போடுகிற ஒரு சின்னக் கேள்வித்தாளும் கொடுப்பார்கள்.

முதல் செஷனில் தீர்வு வராது. நான் கடிகாரத்தைப் பார்த்து, நிமிஷத்துக்கு முப்பது ரூபாய் என்று மனசுக்குள் ஓட்டிக்கிட்டே இருந்தேன். இருபது நிமிஷம் என் அப்பாவின் கடை நொடிச்ச கதையைச் சொன்னேன், அறுநூறு ரூபாய். அந்த தெரபிஸ்ட், இவர் ரெண்டாவது ஆள், "அடிக்கடி மணி பார்க்கிறீங்களே, என்ன யோசனை?" என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "காசு வீணாகுமோங்கிற பயம் எப்போலேர்ந்து?" என்றார். அடுத்த மூணு செஷன் அதைப் பற்றித்தான் பேசினோம்.

வெளியே வந்ததும் லேசாக இருக்கும் என்று நினைச்சுப் போவோம். சில நாள் இருக்கும். சில நாள் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், பழசெல்லாம் கிளறின எரிச்சலில் வீட்டில் சண்டைகூட வரும். முதல் சில வாரங்களில் இது வழக்கம்தான். அதனால் செஷன் முடிஞ்ச அரை மணியில் ரிவ்யூ மீட்டிங் வச்சுக்காதீங்க. நான் வச்சேன். எக்ஸெல் ஷீட்டில் கண்ணீர் விழுந்தது, சளி என்று சமாளிச்சேன்.

எத்தனை செஷன், எவ்வளவு பணம்

இது தெரபி வகையைப் பொறுத்தது. எண்ணங்களையும் பழக்கங்களையும் பிடிச்சு வேலை செய்யும் சி.பி.டி. முறை என்றால் பொதுவாக 6 முதல் 20 செஷனுக்குள் திட்டம் இருக்கும், வீட்டுப்பாடமும் உண்டு. எழுதாமல் போனால் பள்ளிக்கூடம் மாதிரியே முழிக்க வேண்டி வரும். சின்ன வயசு வரைக்கும் தோண்டிப் பார்க்கும் முறைகள் மாசக்கணக்கில், சில நேரம் வருஷக்கணக்கில் போகும். உங்களுக்கு எந்த முறை, ஏன் என்று கேட்டுக்கோங்க.

கையில் 42,000 வாங்குறீங்க என்று வச்சுக்குவோம். வாரம் ஒரு செஷன் என்றால் மாசம் 6,000, சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கு. முடிவில்லாமல் இப்படியே போகும் என்று நினைச்சால் யாருக்கும் பயம் வரும். அதனால் முதலில் ஆறு செஷனுக்கு மட்டும், 9,000 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்க. ஒவ்வொரு செஷனாகவே கட்டுங்க, பேக்கேஜ் வேண்டாம். ஆறு முடிஞ்சதும் தெரபிஸ்ட்டிடமே கேளுங்க: ஆரம்பிச்சப்போ இருந்ததுக்கும் இப்போதைக்கும் என்ன மாற்றம், இனி ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் போதுமா? அப்படி மாறினால் அடுத்த ஆறு செஷன் மூணு மாசத்துக்கு நீளும், மாசச் செலவு 3,000. மொத்தம் 12 செஷன், 18,000.

இந்தப் பணத்துக்காக நாலு மாசம் சிப்-பை நிறுத்தலாமா என்றால், நிறுத்தலாம். அந்தச் செய்தியை என் வாயால் கேட்பீங்க என்று நினைச்சிருக்க மாட்டீங்க. எமர்ஜென்சி ஃபண்டிலிருந்தும் எடுக்கலாம், தூக்கமில்லாமல் தவிப்பதும் எமர்ஜென்சிதான். கிரெடிட் கார்டில் மட்டும் போட்டு மினிமம் டியூ கட்டிக்கிட்டு இருக்காதீங்க. தெரபிக்குப் புதுசா ஒரு காரணம் கிடைச்சுடும்.

இன்ஷூரன்ஸும் வரியும்

2017 சட்டத்தின் 21(4) பிரிவு, உடல் நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரணும் என்கிறது. கேட்க நல்லா இருக்கு. ஆனால் நம்ம பாலிசிகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். நீங்க போறது வாராவாரம் 50 நிமிஷம், அது ஓபிடி. ஓபிடி கவர் தனியாக இருந்தால், அதிலும் மனநல ஆலோசனை சேர்ந்திருந்தால்தான் கிடைக்கும். ஆபீஸ் குரூப் பாலிசியின் விவரப் பட்டியலில் ஒரு தடவை தேடிப் பாருங்க.

அதைவிட, உங்க கம்பெனியில் ஊழியர் உதவித் திட்டம், ஈஏபி என்று ஏதாவது இருக்கா பாருங்க. வருஷத்துக்குச் சில செஷன் இலவசமாக இருக்கும், பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. ஹெச்ஆருக்குத் தெரிஞ்சுடுமோ என்ற பயம் நியாயமானது. இப்படித் திட்டங்களில் வழக்கமாக எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்ற எண்ணிக்கைதான் கம்பெனிக்குப் போகும், பெயர் போகாது. உங்க கம்பெனியில் எப்படி என்பதை அந்தச் சேவை நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டுட்டு ஆரம்பிங்க.

வரியில் சலுகை? கிடையாது. 80டி என்று நமக்குப் பழக்கமான சலுகை, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கும் தடுப்புப் பரிசோதனைக்கும்தான். மருத்துவச் செலவையே கழிக்க முடிவது, இன்ஷூரன்ஸ் இல்லாத மூத்த குடிமக்களுக்கு. 27 வயசுக்காரரின் தெரபி ஃபீஸ் இதில் எதிலும் வராது. ஆனாலும் பதிவு எண்ணோடு ரசீது வாங்கி வையுங்க, ஆபீஸில் ரீயிம்பர்ஸ்மென்ட் கேட்க உதவும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. பின்னாடி புதுசா ஹெல்த் பாலிசியோ டேர்ம் பாலிசியோ எடுக்கும்போது, விண்ணப்பத்தில் மனநலச் சிகிச்சை பற்றிக் கேள்வி இருந்தால் மறைக்காமல் எழுதணும். பிரீமியம் ஏறலாம், காத்திருப்புக் காலம் வரலாம். ஹெல்த் பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு 2024 விதிப்படி அதிகபட்சம் மூணு வருஷம். மறைச்சு எடுத்தால் கிளைம் நேரத்தில் மொத்தமும் கையை விட்டுப் போகலாம். "அப்போ பாலிசி எடுத்துட்டு அப்புறம் தெரபிக்குப் போறேன்" என்று தள்ளிப் போடாதீங்க. நான் தள்ளிப் போட்டதுக்கு என்ன விலை என்று மேலே எழுதியிருக்கேன்.

பணமே இல்லை என்றால்

டெலி-மானஸ், 14416. மத்திய அரசு 2022-ல் ஆரம்பிச்ச இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் இருக்கும், தமிழில் பேசலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கு, 1794-ல் தொடங்கினது. சினிமா காட்டின மாதிரி நினைச்சுக்காதீங்க, அங்கே புறநோயாளிப் பிரிவு இருக்கு. வெளியூர் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு. கூட்டம் இருக்கும், நேரம் ஆகும். வாழ்க்கையை முடிச்சுக்கணும் என்ற எண்ணம் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க, இப்பவே அந்த எண்ணுக்குப் பேசுங்க, இல்லை பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு யாரையாவது கூட்டிக்கிட்டுப் போங்க.

பிடிக்காவிட்டால்

என்னை மாதிரி காணாமல் போயிடாதீங்க. ரெண்டாவது தெரபிஸ்ட்டிடம் அந்த 9,600 ரூபாய்க் கதையைச் சொன்னப்போ, "அவர்கிட்ட என்ன சொல்லியிருக்கணும்னு நினைக்கிறீங்க? இப்போ என்கிட்ட சொல்லிப் பாருங்க" என்றார். "நான் பேசி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க சார்" என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. என் மேனேஜரிடம் நாலு வருஷமாகச் சொல்லாமல் விட்டதும் அதே வாக்கியம்தான்.

உங்களுக்கு ஒத்து வரவில்லை என்றால் மூணாவது, நாலாவது செஷனில் சொல்லுங்க. "இது எனக்கு உதவுற மாதிரி தெரியலை" என்று சொன்னால் போதும். நல்லவர் என்றால் முறையை மாத்துவார், இல்லை வேறொருவரிடம் அனுப்புவார். நிறுத்தணும் என்று முடிவு செய்தாலும் ஒரு கடைசி செஷனுக்குப் போய்ச் சொல்லிட்டு நிறுத்துங்க. 1,500 ரூபாய் செலவுதான்.

எனக்கு எட்டாவது மாசக் கடைசியில் அவரே "இனி மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும்" என்றார். செப்டம்பரில் இப்பவும் சில ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வரும். எழுந்து தண்ணீர் குடிச்சுட்டுத் திரும்பப் படுத்துடுறேன். ஷீட்டில் அந்த வரியின் பேரை "தெரபி" என்று மாத்தியாச்சு, மாசம் 500 ஒதுக்குறேன். அடுத்த பட்ஜெட் வீடியோவில் பார்ப்பீங்க.